அணைத்த பிறகும் எரிந்த சிவப்பு விளக்கு

வளவனூரை அடுத்த ஓர் ஊரில், நூலகக் கட்டடத்தில், விவசாயிகளின் நிலப் பதிவு முகாம் நடந்துகொண்டிருந்தது. காந்திமதி திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்த வேலை. பட்டா எண்ணை லேப்டாப்பில் ஏற்றுவாள், ரேகை மிஷினில் விரலை வைக்கச் சொல்வாள், திரையில் பச்சை டிக் விழுந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

ஒன்றரை மணிக்கு லேப்டாப்பை நிறுத்தினாள். "மிஷின ஆஃப் பண்ணிட்டேங்க. சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போய் டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை.

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னியே, இது இன்னும் எரிஞ்சிக்கினு இருக்குதே!"

வரிசையில் முதலில் நின்ற கிருஷ்ணவேணியின் குரல். காந்திமதி எழுந்து வந்து பார்த்தாள். திரை இருண்டிருந்தது. ஆனால் வயர் செருகியிருந்த ரேகை மிஷினின் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த லேப்டாப்பைக் கம்பெனி கொடுத்தே நான்கு நாள்தான் ஆகிறது. ஏன் எரிகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தத் தயக்கத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"எங்க அண்ணன் இப்படித்தான் சும்மா ஒரு கைநாட்டுன்னு வாங்கி முக்கா ஏக்கர எழுதிக்கினான்" என்றார் கிருஷ்ணவேணியின் கணவர் நடராசன். "பதினோரு வருஷமா கோர்ட்டுக்கு நடக்கறேன். ஆஃப் பண்ண மிஷின்ல இன்னாம்மா ரேகை எடுக்கற?"

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "நீ எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" கேள்வி எதற்கென்று காந்திமதிக்குத் தெரியும். "திண்டிவனம்" என்று மட்டும் சொன்னாள். கிருஷ்ணவேணி போனை உயர்த்தி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

நடராசன் ரேகை மிஷினைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். "லேப்டாப்ப எடுத்துக்கினு வா. விழுப்புரத்துல ஒரு கடையில காட்டலாம். எந்தக் கடைன்னு நான்தான் பாப்பேன்."

பஸ்ஸில் அவர் முன் படியருகே உட்கார்ந்தார், அவள் கடைசி சீட்டில். திருடியைக் கூட்டிப்போவது போலத்தான் இருந்தது. அழக் கூடாது என்று லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு ரிப்பேர் கடையைத் தேர்ந்தெடுத்தார் நடராசன். கடைக்காரி வெண்ணிலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, நிறுத்தியிருந்த லேப்டாப்பில் ரேகை மிஷினைச் செருகினாள். விளக்கு எரிந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, மேசைமேல் கிடந்த விரல் நீள ஃபேனைச் செருகினாள். அதுவும் சுற்றியது.

"இந்த ஓட்டைக்குப் பக்கத்துல மின்னல் மாதிரி ஒரு குறி போட்டிருக்கு பாருங்கய்யா. லேப்டாப்ப நிறுத்தினாலும் இதுல மட்டும் கரண்ட் வரும். போன் சார்ஜ் போட்டுக்கறதுக்காக வெச்சது. கரண்ட்தான் வரும், உங்க ரேகை எங்கயும் போவாது. வாங்கி வெச்சுக்கறதுக்கு உள்ள எதுவும் ஓடல." பிறகு லேப்டாப்பை ஆன் செய்து, ஏதோ ஒரு நீலத் திரைக்குள் நுழைந்து அந்த வசதியை முடக்கினாள். மறுபடி நிறுத்தி, ரேகை மிஷினைச் செருகியபோது விளக்கு எரியவில்லை.

நடராசன் அந்த இருண்ட கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காந்திமதி பக்கம் திரும்பி, "என் பதிவ இங்கயே முடி" என்றார்.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல். மூன்று முறை ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகம் கறுத்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. நான்காவது முறை பச்சை டிக் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் மேற்பார்வையாளர் தேவநாதனின் போன் வந்தது. "வீடியோ கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு. நாளைலேர்ந்து நீ முகாமுக்கு வராதே."

நடராசன் போனை வாங்கினார். "நான்தாங்க சத்தம் போட்டவன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. என் பதிவு இப்பதான் முடிஞ்சுது." எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. ஊரிலிருந்த மனைவிக்குப் போன் போட்டு வீடியோவை அழிக்கச் சொன்னார். அவளும் அழித்தாள். அதற்குள் அது நான்கைந்து குரூப்புகளைத் தாண்டியிருந்தது.

"ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேம்மா" என்றார். அவர் சொன்னார்தான். சிலர் கேட்டார்கள். மற்றவர்கள், பதிவே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள்.

திண்டிவனம் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது காந்திமதியின் அம்மா கூப்பிட்டாள். "தெருவுல எல்லார் போன்லயும் ஓடுதுடி. அது நீதானா?"

"நான்தாம்மா."

"இன்னா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணல" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. ஒரு வாரம் கழித்துக் கம்பெனி அவளைத் திண்டிவனம் ஆபீசிலேயே போட்டது. விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யும் வேலை. ஊர்களுக்கு அவளை அதன் பிறகு அனுப்பவில்லை.