பின்சந்தில் போன கூட்டம்

ஆபீஸ்காரர்கள் வேலையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைவீதியின் கண்ணாடிக் கட்டடங்களில் பாதி மாடி இருட்டாகக் கிடந்தது. முடிவெட்டுக்காரருக்கு அந்தக் கட்டடங்கள்மேல் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. மாநகராட்சிமேல் சுத்தமாகக் கிடையாது.

ஆனாலும் அவரிடம் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். "முன்னால மட்டும் சரி பண்ணுங்க, ஆபீஸ் மீட்டிங் கேமராவுல பின்னால தெரியாது" என்பார்கள். "பொண்டாட்டிக்குத் தெரியும்ல, குனி" என்று முழுசாக வெட்டி அனுப்புவார்.

புதன்கிழமை மாநகராட்சி ஆளெண்ண வருகிறது என்று டீக்கடை மச்சினன் சேதி கொண்டுவந்தான்.

"கட்டடத்துக்காரங்க வரி குறைஞ்சு கஜானா காலியாம் மாமா."

"அப்ப எதுக்கு எண்ணுறான்? கூட்டத்தப் பாத்தா அந்த வரியை நம்ம தலையில கட்டத்தான். புதன்கிழமை ஒருத்தனும் முன்னால வரக் கூடாது. எல்லாரையும் பின்சந்து வழியா வரச் சொல்லு."

வீதியே கேட்டுக்கொண்டது. கேட்காவிட்டால் கத்தரியும் கையுமாக வந்து விளக்குவார்.

புதன்கிழமை ஒரு பெண் எதிர்ப்புறம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கையில் அமுக்கி எண்ணும் சின்னக் கருவி. வீதியில் ஈ காக்காய் இல்லை. அவர் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானம் தண்ணீர் கேட்டு அவர் கடைக்கு வந்தாள்.

"பாவம்யா உங்க வீதி. அடுத்த மாசம் பஸ்ஸ நிறுத்திடுவாங்க."

"எதுக்கு?"

"காசு இல்லீங்க. ஆள் நடமாடுற வீதிக்குத்தான் இனி பஸ்ஸும் விளக்கும். அதுக்குத்தானே எண்ணுறோம்."

"வரிக்கு இல்லையா?"

"வரிக்கு வேற ஆளு. அவர் வந்தா நானே ஓடிடுவேன்."

பஸ் போனால் யார் தலையில் கத்தரி வைப்பது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்தது. அவளைக் கூட்டிப்போய்ப் பின்கதவுத் திரையை விலக்கினார்.

சந்தில் திருவிழாக் கூட்டம். பெஞ்சுபோட்டு டீ குடிக்கிறார்கள், துணி அளக்கிறார்கள், செருப்புத் தைத்துக்கொள்கிறார்கள்.

"இவ்வளவு பேரும் ஏன்யா இங்க இருக்காங்க?"

"உனக்குப் பயந்துதாம்மா."

அவளுக்குச் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறியது. "நான் முன்வீதியில நடக்கிறவங்களத்தான் எண்ண முடியும்யா."

"அவ்வளவுதானே? எல்லாரும் எந்திரிங்கப்பா."

சந்துக் கூட்டம் அவர் கடைக்குள் நுழைந்து முன்வாசல் வழியாக வீதிக்கு வந்தது. கழுத்தில் துணியோடு பாதி வெட்டின தலைகள், ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரை, கையில் டீ கிளாஸ். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். சட்டென்று விரல் நின்றது.

"டீக்கடைக்காரரே, உங்கள மூணாவது தடவையாப் பாக்குறேன்."

"சுறுசுறுப்பான வீதிங்க" என்றான் மச்சினன்.

"ஒரு தடவைதான் எண்ணுவேன்."

அடுத்த மாதமும் பஸ் வந்தது. அதற்கடுத்த மாதமும். அவருக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பஸ் நிற்கும்போதெல்லாம், நுரை தடவின ஆளை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் நின்று இறங்குகிறவர்களை எண்ணுகிறார்.

"உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வேலை?"

"அவங்க சரியா எண்ணுறாங்களான்னு யாராவது பாக்க வேணாமா?"