குமாரபாளையத்திலிருந்து ஒரு வழி

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மணிமாறன், வெளியாட்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் பெட்டியைச் சுவரில் மாட்டி முடித்தபோது, கல்யாண வேலையில் பாதி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது பிரவீனாவுக்கு. தை பிறந்தால் அவள் குமாரபாளையத்துக்கு மருமகளாகப் போகிறாள். போன பிறகும் இளம்பிள்ளையில் இருக்கும் அப்பாவின் கடைக்குச் சேலை டிசைன்களை அங்கிருந்தே போட்டுத்தர வேண்டும் என்பது அவள் ஆசை. வெளியூரிலிருந்து நம்பகமான ஆள் மட்டும் கடைக் கம்ப்யூட்டருக்குள்ளே வர இந்தப் பெட்டியில் வழி உண்டு. அதற்காகத்தான் அப்பாவிடம் நச்சரித்து வாங்க வைத்திருந்தாள்.

ஆடியில் தம்பி தர்ஷன் ஏதோ ஒரு மெயிலைத் திறக்கப்போய், வைரஸ் புகுந்து டிசைன் அத்தனையும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் அவள்தான் மறுபடி உட்கார்ந்து வரைந்தாள்.

“ஏனுங்க, ஆரை உள்ள உடறதுன்னு சொல்லிப்போடுங்க. மத்தவங்களை இது தடுத்துரும்,” என்றார் மணிமாறன்.

“என்ற கம்ப்யூட்டரு, தர்ஷனோடது, பில் போடறது,” என்றார் அப்பா தண்டாயுதபாணி.

“மொதல்ல தடுக்க வேண்டிய ஆளே அவன்தானுங்கப்பா.”

“அக்கா, சாகற வரைக்கும் அதையே சொல்லுவியா?”

“பரிசு உழுந்துருக்குன்னு மெயில் வந்தா நாளைக்கும் தொறப்படா நீ.”

மணிமாறன் சிரித்தார். “அம்மிணிக்கு வெளியூர்ல இருந்து வர்ற வழியும் போட்டரலாமுங்களா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேண்டாமுங்க.”

“ஏனுங்கப்பா?”

“சம்பந்தி ஊட்டுலயும் சேலை யாவாரந்தான சாமி. உம்மேல சந்தேகமில்ல. நீ தொறந்து வெச்சிருக்கறப்ப மாப்பிள்ளை எட்டிப் பார்த்தா வேண்டாம்னு சொல்லுவியா?”

“எல்லாம் நான் போட்ட டிசைனுங்கப்பா.”

“ஆரு இல்லைன்னா? போட்டது நீ. யாவாரம் இந்த ஊட்டுது.”

“நானும் இன்னும் இந்த ஊட்டுலதான இருக்கேன்.”

“இருக்கற. அதான் உன்ற கம்ப்யூட்டரையும் இப்பவே எடுத்துரலாம்கறேன். போற அன்னைக்கு எடுத்தா மனசு கஷ்டமா இருக்கும் பாரு.”

தர்ஷன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேத்தே எல்லா மிஷினோட நம்பரையும் பெட்டியில ஏத்தி வெச்சிருக்கேன். இதுல அம்மிணி மிஷினோட நம்பர் எதுங்க?” என்று கேட்டார் மணிமாறன். அப்பாவுக்குத் தெரியாது. தர்ஷனுக்குத் தன் நம்பரே தெரியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பர் போட்டவளே பிரவீனாதான். தர்ஷனின் நம்பர் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

“இருபத்தொன்னு,” என்று தன்னுடையதைச் சொன்னாள்.

மணிமாறன் எதையோ அழித்தார். “இப்ப உங்க மிஷின்ல இருந்து கடை டிசைனைத் தொறந்து பாருங்க.”

பிரவீனா அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேற்று அவள் முடித்த மயில் பார்டர் வரவில்லை.

“வரலைங்க.”

“அப்பச் சரியா வேலை செய்யுதுங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “எம்பொண்ணு ஆடியில இருந்தே சொன்னாளுங்க, இது நல்ல சாமானுன்னு. நாந்தான் கேக்காம இழுத்தடிச்சுட்டேன். சாமி, அவருக்கு ஒரு காப்பி கொண்டா.”

பிரவீனா எழுந்தாள்.

“சக்கரை எவ்வளவு போடட்டுமுங்க?” என்று மணிமாறனைக் கேட்டாள்.