கீழே நிற்பவன் மேலே பார்ப்பதில்லை

சுடச்சுடக் காப்பி டம்ளரைப் பிடித்ததில் இடது கை விரல்கள் பொத்துப்போயிருந்தன. தாணுவுக்கு அது தெரியவே இல்லை. அவன் மனைவி சொர்ணம்மாள்தான் பார்த்துப் பதறினாள். "ஐயோ, விரலு பொத்திருக்கே! ஒண்ணும் அறியல்லியா நீங்க?" நிறைமாசக்காரியிடம் என்னத்தைச் சொல்ல? போன வாரம் தோளில் ஒரு மூட்டை சரிந்து விழுந்ததிலிருந்தே அந்தக் கை அவனுடையதாக இல்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பு போயிற்று. சுமக்க மாட்டாதவனுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் யார் கூலி கொடுப்பார்கள்?

அதனால்தான் இன்று சுமக்காமல் லாரிமேல் ஏறிக்கொண்டான். மூட்டையை விளிம்புவரை புரட்டி, கீழே குனிந்து நிற்பவன் முதுகில் பதமாக இறக்கினால் போதும். இதென்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டான், பாவிமட்டை.

கீழே நின்றது அத்தான் குற்றாலலிங்கம், அக்கா பொன்னம்மையின் புருஷன். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்த்தால், மேலே நிற்பவனை நம்பவில்லை என்று அர்த்தம். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும்.

தெற்கே, தாலுகாக்களைத் தமிழ்ச் சீமையோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் வழியடைத்துவிட்டதால் லாரி தாமதமாக வந்திருந்தது. புதுக் கடைக்கு முதல் சரக்கு. ராகுகாலத்துக்கு முன்னால் எல்லாம் உள்ளே ஏறிவிட வேண்டுமென்று முதலாளி அழகியநம்பியா பிள்ளை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "வேகம், வேகம்! வெள்ளிக்கெழமையாக்கும், ஓர்மை வேணும்!"

முதல் சீனி மூட்டை கோணலாக இறங்கியது. அத்தான் தள்ளாடி, பல்லைக் கடித்துச் சமாளித்துக்கொண்டு நடந்தார். ஒரு கெட்டவார்த்தை சொல்லியிருந்தாலும் தாணுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வந்து அதே இடத்தில், அதே மாதிரி குனிந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தாணுவின் மனசு அடித்துக்கொண்டது. கூடவே சொர்ணத்தின் வயிறும் கண்ணில் வந்து நின்றது.

"எந்தாடே தாணு, அங்க ஒறக்கமா?" என்றார் முதலாளி.

அடுத்த மூட்டையைப் புரட்டினான். பாதி வெளியே தொங்கியது. சாக்கு மூலையின் காதில் இடது கை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அது பிடித்திருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

"அத்தான், ஒருக்கா மேல பாருங்க."

குற்றாலலிங்கம் சிரித்தார். "போலே! ஒன்னயா நான் பாக்கணும்? எறக்கு."

"இல்ல அத்தான், கை..."

விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதைத் தாணு கண்ணால் பார்த்தான். கீழே அத்தான், மச்சினனுக்குச் சிரமம் வேண்டாமென்று, லாரியோடு இன்னும் ஒட்டி நின்று கழுத்தை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தார்.