மூன்றாவது படி

எனக்குப் பொறாமை வந்த முதல் பெண் ஒரு பிரெஞ்சுக்காரி. எழுபது வயது இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில் வாசலில், முழங்கால் வலி என்று இளநீர்க்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மைசூருக்கு வரும் பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போவது என் தொழில். அவளுடைய கணவர் அவர்கள் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய காதல் நாடகம் ஒன்றைப் பற்றிப் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். அவ்வளவுதான், கையில் இளநீரோடு எழுந்து நின்றார். செய்யுளாக இருபது வரி, ஒரு இடத்திலும் தடுமாறாமல் ஒப்பித்தார். மனைவியைப் பார்த்துத்தான் ஒப்பித்தார். "நாற்பது வருஷமாக இதே கூத்துதான்" என்று அவள் என்னிடம் சலித்துக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் நம்பி, கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் சேர்ந்தாற்போல இருபது வரி பேசியது ஒரே ஒரு முறை. அதுவும் கேஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று. அவர் ஒரு கல்லூரியில் நூலகர். அங்கே பேசக்கூடாது என்பது விதி. அந்த விதியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கிழவி மேல் வந்த எரிச்சலில்தான் அந்த நாடகத்தைத் தமிழில் எழுதினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நிஜம் அதுதான்.

கதை சின்னது. பெரிய மூக்குள்ள ஒரு படைவீரன், கவிதையும் எழுதுவான். ஒருத்தியை மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறான். இந்த மூக்கோடு போய் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அழகான ஒரு அசட்டுப் பையனுக்குத் தன் வார்த்தைகளைக் கடன் கொடுக்கிறான். அவள் மேல்மாடத்தில் நிற்க, கீழே இருட்டில் அந்தப் பையன் மாதிரி இவனே பேசுகிறான். அவள் மயங்குவது இவன் பேச்சுக்கு, முத்தம் அந்தப் பையனுக்கு. இந்த நாடகம் இத்தனை வருஷமாகியும் ஏன் சாகவில்லை என்று பயணிகள் என்னிடமே கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தரும் தன்னை அந்த அழகான பையனாக நினைத்துக்கொள்வதில்லை. இருட்டில் நிற்பவன் நான்தான் என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நாடகக் குழுவில் பதினோரு பேர். எல்லோருக்கும் வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். தமிழ் எழுத்தை ஓட்டமாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லோருடைய வசனத்தையும் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முழு நாடகமும் தமிழில் இருந்தது என் ஃபைலில் மட்டும். அதனால் மேடைக்குப் பக்கத்தில் ஒளிந்து உட்கார்ந்து, மறந்துபோன வரியை எடுத்துக்கொடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

மூக்குக்காரன் வேஷம் நம்பிக்கு. இயக்குநர் சந்துரு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்பி சாருக்கு மேக்கப் மூக்கு அரை சைஸ் போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நம்பியும் சிரித்தார். கதாநாயகி மோகனப்ரியா. கொள்ளேகாலத்துப் பெண். முப்பத்துமூன்று வயது, மண்டி மொஹல்லாவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். யாரையும் கொஞ்சம் கிட்டே வந்து, நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். தொழில் அப்படி. என் வீட்டுக்காரரின் கண்ணையும் அப்படித்தான் பார்ப்பாள்.

ஒத்திகை, ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டில் நடந்ததைத் தவிர, அந்தக் கடைத்தெருவிலேயே, ஒரு அரிசி மண்டிக்கு மேல் இருந்த ஹாலில். கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அத்தனை சத்தத்திலும் நம்பியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் மனப்பாடம் செய்யும்போது நான்தான் மோகனப்ரியா. நான் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன், அவர் மின்கட்டண ரசீதைப் படிப்பதுபோல என் காதலை எனக்குப் படித்துக் காட்டுவார். அதே வரிகளை சாயங்காலம் அவளிடம் சொல்லும்போது அவர் தொண்டை கரகரக்கும். என் வார்த்தை, என் புருஷன், கேட்கிறது மட்டும் வேறொருத்தி. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைவு.

ஒரு வரி மட்டும் அவருக்கு வரவே இல்லை. மேல்மாடக் காட்சியில் ஓரிடத்தில் பிரெஞ்சில் இருந்த உவமை தமிழில் உட்காரவில்லை. மூன்று நாள் முட்டிக்கொண்டேன். நாலாம் நாள் சாயங்காலம் அடுப்படியில் இருந்தபோது அவர் படியேறி வரும் சத்தம் கேட்டது. எங்களுடையது ஒண்டிகொப்பலில் ஒரு மாடி வீடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, மூன்றாவது படியில் ஒரு கணம் நிற்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. சாவியைத் தேடுகிறாரோ, மூச்சு வாங்குகிறாரோ. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலிருந்து அந்த ஒரு கணத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கையில் எது இருந்தாலும் அது அப்படியே நின்றுவிடும். பிரெஞ்சு உவமையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதினேன்:

"ஊரெல்லாம் படியேறும், உன் காலடி எனக்குத் தெரியும்.
மூன்றாம் படியில் ஒரு நொடி நிற்பாய்.
அந்த ஒரு நொடிக்காக அல்லவா
நாள் முழுதும் நான் விழித்திருந்தேன்?"

ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் இந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுவார். தலை மெல்ல என் பக்கம் சாயும். நான் எடுத்துக்கொடுப்பேன், அவர் அதை வாங்கி அவளிடம் கொடுப்பார். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏன்னா, மத்ததெல்லாம் நன்னாத்தானே சொல்றேள். அந்த ஒரு வரி மட்டும் ஏன் நிக்கமாட்டேங்கறது?"

"அதுல என்ன இருக்கு பத்மா? படி, காலு... பிடிச்சுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார்.

நான் அன்று சட்னியில் உப்புப் போடவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். வாடகை அரங்கத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒப்பனை அறைக்குப் போனேன். நம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மோகனப்ரியா குனிந்து, ஒட்டுமூக்கின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். நம்பி அவளிடம், "தொண்டை கட்டினாப்ல இருக்கே, வெந்நீர் குடிச்சியோ?" என்று கேட்டார். போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்தபோது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டாரே தவிர, வெந்நீர் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நான் ஃபைலையும் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு அந்த வரியை எடுத்துக்கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வரி என்னுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம்.

மேல்மாடக் காட்சி வந்தது. நம்பி அன்றைக்குப் பிரமாதமாகப் பேசினார். முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அந்த இடம் வந்தது. "ஊரெல்லாம்..." என்று ஆரம்பித்து நின்றார். தலை என் பக்கம் சாய்ந்தது. நான் டார்ச்சை அணைத்தேன். ஒரு நொடி, இரண்டு நொடி. இருட்டிலும் அவர் கண்கள் என்னைத் தேடுவது தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு ஆசையாகத் தேடியதே கிடையாது. பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஐந்து நொடி ஆனதும் டார்ச்சின் பொத்தானைத் தடவினேன், அகப்படவில்லை.

அப்போது மாடத்திலிருந்து மோகனப்ரியா பேசினாள்.

"ஊரெல்லாம் படியேறும், என் காலடி உனக்குத் தெரியும் என்கிறாய். மூன்றாம் படியில் ஒரு நொடி நான் நிற்பேன். அந்த ஒரு நொடிக்காக நாள் முழுதும் விழித்திருந்தாய். அதைத்தானே சொல்ல வந்தாய், சொல்ல முடியவில்லை?"

நம்பி தலையை ஆட்டினார். அரங்கமே கைதட்டியது. எழுதியதே அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவர் குரலைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று பார்த்தால், என் மூன்றாவது படியையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். அவருடைய வரிகளையெல்லாம் இவள் ஏன் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் என்ற கேள்வி, நாடகம் முடியும்வரை என்னைக் குடைந்தது.

முடிந்ததும் நேராக ஒப்பனை அறைக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் தடுமாறுறாருன்னு நானே சொல்லீட்டேன்."

"அந்த வரி உனக்கெப்படித் தெரியும்? உன் பேப்பர்ல அது கிடையாதே."

"அந்த ஒண்ணு மட்டுந்தானுங்க்கா தெரியும். வேற எதுவும் தெரியாது." கையிலிருந்த வளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அது பிரெஞ்சுல இல்லீங்கதானே? போன்ல இங்கிலீஷ்ல மூணு தடவை தேடிப் பாத்தேன். இல்ல. அது உங்க ஊட்டுப் படிதானுங்க."

நான் கதவைச் சாத்தினேன்.

"அன்னிக்கு ஒத்திகைக்கு உங்க ஊட்டுக்கு வந்தேன்ல. சார் படியேறி வந்தாரு, மூணாவது படில நின்னாரு. நீங்க கரண்டியக் கையில புடிச்சிட்டு அப்படியே நின்னீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. அந்த வரிய சார் என்னையப் பாத்துச் சொல்றப்பல்லாம், அடுத்தவங்க சீலையக் கட்டீட்டு நிக்கற மாதிரி கூசுதுங்க்கா."

"கூசித்தா?" என்றேன். என் குரலில் இருந்த கோபம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"கூசுச்சு. பொறாமையாவும் இருந்துச்சு." அவள் வழக்கம்போல நேராக என் கண்ணைப் பார்த்தாள். "எனக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசமுங்க. எங்க ஊட்டுக்காரரு வண்டி வந்து நின்னா, கொரியர்காரனோன்னு எட்டிப் பாப்பேன். சார் உங்களைய என்ன நெனைக்கறாருன்னு எனக்குத் தெரியாது. அதுமேல எனக்குப் பொறாமை இல்ல. நீங்க நெனைக்கறீங்கல்ல, அதுமேலதானுங்க."

இரண்டு மாதமாக அவளைத் திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முதுகில் புடவையைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஏழு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். சாவி என்னிடம் இருந்ததால் நான் முன்னால் ஏறிக் கதவைத் திறந்தேன். பின்னால் அவர் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றார்.

"பத்மா, எனக்கு மறந்துபோச்சே, அந்த வரி என்ன?" என்று அங்கிருந்தே கேட்டார்.

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுவிட்டாளே, அந்தத் திமிர் எனக்கு இருந்தது. வாசல்படியில் நின்று நாலு வரியையும் சொன்னேன். செய்யுளாகச் சொல்லவில்லை, பால் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நானா? நான் இங்க நிக்கறேனா?"

"இருபத்திரண்டு வருஷமா."

"எதுக்கு நிக்கறேன்?"

"எனக்கென்ன தெரியும்."

"ஓ" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, கை கழுவி, சாதத்தில் தயிரைப் பிசைந்து சாப்பிட்டார். படுக்கப் போகும்முன் என் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே கேட் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. காலடி நின்றது. கத்தி என் கையில் நின்றது. ஒரு நொடி போயிற்று, இரண்டு, மூன்று, நான்கு. முக்கியமான வசனத்துக்கு முன்னால் நிறுத்தும்படி மேடையில் சந்துரு சொல்லிக் கொடுத்த அளவு, நான்கு நொடி. பிறகு மெதுவாக, ஒவ்வொரு படியாக அழுத்தி ஏறி வந்து, அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வசனம் முடிந்ததும் முன்வரிசையைப் பார்க்கிற பார்வை அது.

"சரியா இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். இப்போது தினமும் நிற்கிறார், ஒரு நாளும் மறப்பதில்லை. நானும் தினமும் இருந்தது, இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோகனப்ரியா மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அந்தப் பிரெஞ்சுக் கிழவி மேலும் இல்லை. இதே அடுப்படியில் இருபத்திரண்டு வருஷம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கே தெரியாமல் அவர் காலடியைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாளே, பொறாமை எனக்கு அவள் மேல்தான்.