கிடுகு வீட்டு மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் படத்தைக் கண்ணாடி போட்டு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம் பார்த்தும் இரத்தினவேலின் கண்ணில் மாப்பிள்ளை படவில்லை. பின்னால் நின்ற கூரை வேய்ந்த வீடுதான் பட்டது.

"லண்டனுக்குப் போயும் கிடுகுக் கொட்டிலோ?"

எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். மாப்பிள்ளை கேதீஸ்வரன் இருந்ததோ லிட்டில் வெஸ்கம் என்ற குக்கிராமத்தில். இரண்டு மாதமாக இரத்தினவேலின் மகள் வதனியும் அவனும் தொலைபேசியில் கதைத்து, அவளுக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது. தகப்பனுக்கும் அது தெரியும். ஆனால் ஊரில் கல்வீடு கட்டிய மனிதர், மகளைக் கூரை வீட்டுக்கு அனுப்பினால் கனடாவில் ஸ்காபரோத் தமிழ்ச்சனம் சிரிக்காதா? சாதகம் பொருந்தவில்லை என்று தரகருக்குச் சொல்லிவிட்டார். வதனி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், அதே அடுக்குமாடியில் ஏழாம் மாடியிலிருந்த அல்பேட் மாஸ்டர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தோடு பதினோராம் மாடிக்கு, இரத்தினவேல் வீட்டுக்கு ஏறி வந்தார். லிட்டில் வெஸ்கத்தின் சரித்திரக் கட்டடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. தேவாலயம், மா அரைக்கும் ஆலை, பழைய சத்திரம், அடுத்த பக்கத்தில் அதே கொட்டில்.

"நானூறு வருசத்து வீடு, இரத்தினவேல். கூரையிலை ஒரு வைக்கல் இழுக்கிறதெண்டாலும் கவுன்சிலிட்டைக் கேக்கவேணும். அதை வித்தா இஞ்சை பக்கத்திலை அஜக்ஸிலை அஞ்சு வீடு வாங்கலாம்."

அன்று பின்னேரமே சாதகம் பொருந்திவிட்டது. சாத்திரியார்தான் பிழையாகக் கணித்தாராம். கீழே உடுப்புத் தோய்க்கப் போனவர்களையெல்லாம் மறித்து மறித்து, "அரசாங்கமே காவல் காக்கிற வீடு" என்று இரத்தினவேல் படத்தைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா இங்கிலாந்திலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளையின்ரை படமும் பின்னாலை நிக்கிற வீடும் பாத்தம். கனடாவிலை வீடெல்லாம் பலகையாமே? வெளியிலை மட்டும் செங்கல் ஒட்டுறதாம். நாங்கள் பரம்பரையாக் கல்வீட்டு ஆக்கள். சரிவராது."

இரத்தினவேலுக்கு உச்சி கொதித்தது. "என்ரை வீடோ பலகை?" என்று வைத்த தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார்.

வதனி இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கடை வீடு எது அப்பா? இது அஜக்ஸிலை வீடு விக்கிறவங்கள் ஆக்களுக்குக் காட்டுறதுக்கெண்டு கட்டி வைச்ச மாதிரி வீடு. சும்மா பாக்கப் போன இடத்திலை, வாசல்லை என்னை நிப்பாட்டி நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள்? அவரும் அந்தக் கூரை வீட்டிலை இல்லை. எதிரிலை பெற்றோல் செட்டிலை வேலை, மேலை ஒரு அறை. முதல் நாளே சொன்னவர். நானும் பதினோராம் மாடியெண்டு சொன்னனான்."

இரத்தினவேல் கவிழ்த்து வைத்த அஜக்ஸ் படத்தை வதனி திரும்ப நிமிர்த்தி வைத்தாள்.

"இந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்கள் நல்ல நாள் பாருங்கோ. நானும் அவரும் ஆனியிலை கலியாண எழுத்து வைக்கிறம்."

அவள் எழும்பிப் போனபின் இரத்தினவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அன்றுதான் அந்தப் படத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தார். பெடியன் நல்லாய்ச் சிரித்துக்கொண்டு நின்றான்.