திராட்சைக் கொத்து டார்ச்சுக்கு ஜக்கம்மா சொன்ன கருத்து

கம்பெனி கொடுத்த டார்ச் லைட் திராட்சைக் கொத்து வடிவத்தில் இருந்தது. காம்பை அமுக்கினால் பழங்கள் ஊதா நிறத்தில் எரியும். புதுப் பூச்சிமருந்து ஒரு லிட்டர் வாங்கினால் அது இலவசம். 2004-ஆம் வருடத்தில் கம்பம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதைவிட அவசரமான தேவை வேறு இல்லை என்று சென்னையில் யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

மருந்தை விற்கும் பொறுப்பு சூரியபிரகாஷுக்கு. தற்காலிக வேலைதான். திங்கட்கிழமைக்குள் பத்து விவசாயிகளின் கருத்துப் படிவம் கொடுத்தால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் என்று சின்னமனூர்க்காரர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்பது பேர் அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வெற்றுத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார்கள். தங்கமான மனிதர்கள். பத்தாவது ஆள் காமயகவுண்டன்பட்டி ஜக்கம்மா. இரண்டு ஏக்கர் திராட்சை, எழுதப் படிக்கத் தெரியாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது. அந்த அம்மாள் வாங்கினால் ஊரே வாங்கும் என்பதால் மேலாளர் அவர் பெயரைத் தானே குறித்துக் கொடுத்திருந்தார்.

டார்ச்சும் மருந்தும் கொடுத்து ஒரு வாரம் கழித்து, சூரியபிரகாஷ் தோட்டத்துக்குப் போய்ப் படிவத்தை விரித்தான்.

"சொல்லுங்கக்கா, நானே எழுதிக்கிறேன்."

"எழுதுங்க தம்பி. லைட்டு பாக்க லட்சணமாத்தான் இருக்கு. எரிஞ்சா அணைய மாட்டேங்குது, ரெண்டு தட்டு தட்டணும். வழி நடக்க ஆகாது. குழி இருக்கது குழிக்குள்ள விழுந்த பெறகுதான் தெரியுது."

அதுவரைக்கும் பாதகமில்லை.

"ஆனா பந்தல்ல கட்டித் தொங்கவிட்டு, கீழ தண்ணிச் சட்டிய வச்சா, விடியுறப்பச் சட்டி நெறையப் பூச்சி. அதனால மருந்து பாட்டில இன்னும் தெறக்கல."

சூரியபிரகாஷ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கை மட்டும் நிதானமாக, 'விளக்கு அருமை. மருந்து அதைவிட அருமை. தோட்டத்தில் பூச்சியே இல்லை' என்று எழுதி முடித்தது.

அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காய் கொடியில் நிற்கும்போதே வியாபாரி தோட்டத்தைப் பேசி முடித்துச் சீட்டு எழுதுவான். படிக்காதவர்கள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ரேகை வைப்பார்கள். ஒரு தடவை மரியாதைக்கு, மறு தடவை சந்தேகத்துக்கு.

"வாசிங்க," என்றார் ஜக்கம்மா.

தாளைப் பார்த்தபடி, அவர் சொன்னதை எல்லாம் நினைவிலிருந்து ஒப்பித்தான். சுத்தமாக வந்தது.

"இன்னொருக்கா."

இந்தத் தடவை குழி விட்டுப்போனது. சட்டியில் பூச்சி பாதியானது.

ஜக்கம்மா கோபப்படவில்லை. "மொதல்ல சட்டி நெறைய இருந்துச்சு. மிச்சப் பூச்சி எங்கன போச்சு?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை, திங்கட்கிழமை, சின்னமனூர், எல்லாவற்றையும் கொட்டினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படிவத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டார்.

"மேல இருக்கத அடிச்சுட்டு நான் சொன்னத எழுதுங்க. அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க. இந்தத் தம்பிக்குப் பொய் எழுத வருது, வாசிக்க வரல. இனி எழுதவும் மாட்டாக. வேலையில வச்சுக்கிருங்க."

எழுதினான். இரண்டு தடவை வாசித்தான். எழுத்துப் பிசகவில்லை. ஜக்கம்மா ரேகை வைத்தார்.

திங்கட்கிழமை மேலாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு வேலையை நிரந்தரமாக்கி, அவனை விற்பனையிலிருந்து எடுத்துத் தேவதானப்பட்டிக் கிடங்குக்கு மாற்றினார். அங்கே மருந்துப் பெட்டிகள் மட்டும்தான். அவற்றிடம் மருந்தைப் புகழ வேண்டியதில்லை.