எட்டுத் தூண்களில் ஒன்று

கிரீன் கார்டு வந்த மறுமாதமே வான்மதிக்கு டல்லாஸில் ஒரு சின்ன இன்ஜினியரிங் ஆபீஸில் வேலை கிடைத்தது. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், சிவில் படித்தவள். ஆனால் வேலைக்குப் போக விசா இடம் தராமல், நாலு வருஷம் டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ வீட்டுக்குள்ளேயே இருந்ததில் படித்ததெல்லாம் மறந்துபோயிருக்குமோ என்று உள்ளூர ஒரு பயம் அவளுக்கு இருந்தது.

1998 மே மாதம் அவளைத் தனியாக ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போனால் ஜெர்மானியர்கள் குடியேறிய சிற்றூர் ஒன்று. அங்கே நூறு வருஷத்துக்கு முன் கட்டிய தேவாலயம். தாய்நாட்டுப் பழைய ரோமானெஸ்க் கோயில்களைப் போலவே கட்டியிருந்தார்கள்: தடித்த கற்சுவர், சின்னச் சின்ன ஜன்னல், அரைவட்ட வளைவுகள், அவற்றைத் தாங்க இரண்டு வரிசையாக எட்டுத் தூண். அதை மாநிலத்தின் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்க்க ஒரு இன்ஜினியரின் அறிக்கை வேண்டியிருந்தது.

தேவாலயக் கமிட்டியின் செயலாளர் ஹில்டா, எழுபது வயதுப் பெண்மணி, கதவைத் திறந்துவிட்டு ஒரு கையேட்டைக் கொடுத்தார். எட்டுத் தூணும் மலையில் வெட்டி எட்டு மாட்டு வண்டியில் கொண்டுவந்த கல் என்று அதில் போட்டிருந்தது. அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் தன் கொள்ளுத் தாத்தா என்றும் ஹில்டா சொன்னார்.

முதல் தூணில் கை வைத்ததும் வான்மதிக்கு ஏதோ இடித்தது. கல்லென்றால் சில்லென்று இருக்க வேண்டும், இது இல்லை. விரலால் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டியது போல ஒலித்தது. மரப்பலகையை வளைத்துச் சேர்த்து, கல் போலவே ரேகை ரேகையாக வண்ணம் பூசியிருந்தார்கள். அடுத்த மூன்றும் அப்படியே. ஐந்தாவது மட்டும் குளிர்ந்திருந்தது, தட்டினால் சத்தமே இல்லை. அசல் கல். மீதி மூன்றும் மறுபடி மரம்.

தன் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினாள். வளைவுகளும் மரச்சட்டத்தில் பூசிய சுண்ணாம்புதான், கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. தூண்களுக்குப் பாரமே இல்லை. அந்தக் கல் தூணுக்கும் அப்படித்தான். அதை மட்டும் ஏன் கல்லில் வைத்தார்கள்?

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. கணவன் வெங்கடாசலத்திடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஏழு மரம், ஒண்ணு மட்டும் கல்லு. எதுக்குங்க?"

"தெரியலைன்னு எழுதிரு மதி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினாத்தான் ப்ராப்ளம்."

அப்படியே எழுதினாள். காரணம் இல்லாத அறிக்கை அரைகுறை என்றார் மேனேஜர், மற்ற கற்களைக் கொண்டுவர வண்டி வசதி குறைவு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கையேட்டில் எட்டு வண்டி இருக்கிறதே என்றாள் அவள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அறிக்கையை நேரில் கொடுத்தபோது ஹில்டா இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய் ஐந்தாவது தூணருகே நின்றார்.

"அப்படியானால் என் கொள்ளுத் தாத்தா கொண்டுவந்தது இதையா? இல்லை, எதையுமே கொண்டுவரவில்லையா?"

வான்மதி மன்னியுங்கள் என்றாள். ஹில்டா அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

தன்னால் ஊரின் விண்ணப்பம் கெட்டுப்போயிற்று என்றே கோடை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் ஹில்டா போன் செய்தார். பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம், அதுவும் அந்த வண்ணம் பூசிய மரத்துக்காகவே; கல்லென்றே நம்பவைக்கும் அந்தக் கைவேலை அபூர்வமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் டல்லாஸிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம்.

"எது கல் என்று கேட்கிறார்கள். நாங்கள் சொல்வதில்லை," என்றார் ஹில்டா.

அவர் குரலில் இருந்தது பெருமையா வருத்தமா என்று வான்மதியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்லது என்று மட்டும் சொல்லி வைத்தாள்.